மூட்டில் நேர்ந்த பிழையும் முடிவில் நேர்ந்த பிழையும்

(மனிதரை ஏற்றிச் சென்ற இராக்கெட்டுகள் தோல்வியுற்றமைக்கான காரணங்கள் பற்றிய ஆய்வு)

மனிதரைச் சுமந்து விண்ணேகும் இராக்கெட்டு, பல்லாயிரம் உறுப்புகள் ஒருசேர இயங்கும் பெரும்பொறி. ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களுக்குள் அது நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட விரைவை எய்துதல் வேண்டும். அவ்விரைவைத் தரும் ஆற்றல் முழுவதும் எரிபொருளாக அதன் உடலுக்குள்ளேயே அடைபட்டுள்ளது. அடைபட்ட ஆற்றல் குறித்த வழியில் வெளிப்பட்டால் பயணம். வழி தவறினால் வெடிப்பு. எனவே, இராக்கெட்டு தோல்வியுறும்போது மக்கள் கண்ணில் படுவது நெருப்பே. ஆயின், ஆய்வுக் குழுக்கள் தேடிக் கண்ட காரணங்கள் நெருப்புத் தோன்றுவதற்கு நாள்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் முன்னரே தொடங்கியவை.

அக்காரணங்களை உறுப்பின் குறை, கோத்தலில் பிழை, சூழலின் தாக்கம், முடிவெடுப்பில் தவறு என நால்வகையாகப் பகுத்துக் காணலாம். இவற்றுள் முதல் மூன்றும் பொறியைச் சார்ந்தவை. நான்காவது மனிதரைச் சார்ந்தது. நான்கும் ஒருங்கே கூடினால் என்ன நேரும் என்பதற்குச் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் அழிவே சான்று.

சேலஞ்சரின் மூட்டு

1986 சனவரி 28 அன்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலிருந்து சேலஞ்சர் ஏவப்பட்டது. அது விண்வெளி ஓடத் திட்டத்தின் 25ஆவது பயணம். கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை உள்ளிட்ட எழுவர் அதில் இருந்தனர். புறப்பட்ட 73ஆம் நொடியில் ஓடம் சிதறியது, எழுவரும் மாண்டனர்.

ஓடத்தின் இருபுறமும் திண்ம எரிபொருள் நிரம்பிய இரு பெரும் உந்துகலன்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை யூட்டா மாநிலத்தில் துண்டு துண்டாகச் செய்யப்பட்டு, தொடர்வண்டி வழியே புளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கப்பட்டவை. துண்டுகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும், உள்ளே எரியும் வாயு கசிந்துவிடாதபடி இரண்டு இரப்பர் வளையங்கள் இடப்பட்டிருந்தன. அவற்றின் தடிப்பு ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர். தீ மூண்டதும் உள்ளழுத்தத்தால் கலனின் சுவர் சற்றே புடைக்கும். மூட்டில் ஒரு நுண்ணிய இடைவெளி திறக்கும். அக்கணமே இரப்பர் மீண்டெழுந்து அவ்விடைவெளியை அடைத்தாக வேண்டும்.

இரப்பர் குளிரில் இறுகும். இறுகிய இரப்பர் விரைந்து மீளாது. அன்று காலை ஏவுதளத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசு. அதற்கு முன் மிகக் குளிர்ந்த நாளில் நடந்த ஏவுதலின்போதே வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகையாக இருந்தது. இராக்கெட்டு தரையை விட்டெழுந்த முதல் நொடியிலேயே வலப்புற உந்துகலனின் கீழ்மூட்டிலிருந்து கரும்புகை வெளிப்பட்டதைப் படச்சுருள்கள் பின்னர்க் காட்டின. 59ஆம் நொடியளவில் அங்கே தீ நாக்கு நீண்டது. அருகிலிருந்த பெரும் எரிபொருள் தொட்டி துளைபட்டது.

விசாரணைக் குழுவில் இடம்பெற்ற இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபெய்ன்மன், வளையம் செய்யப்பட்ட இரப்பரின் ஒரு துண்டைக் கவ்வியால் இறுக்கி, பனிக்கட்டி நீரில் இட்டு, வெளியே எடுத்துக் கவ்வியைத் தளர்த்திக் காட்டினார். அது தன் பழைய வடிவுக்கு உடனே மீளவில்லை. பள்ளி மாணவரும் செய்து பார்க்கத்தக்க அந்த எளிய சோதனை, அழிவின் பொறியியல் காரணத்தை உலகுக்கு விளக்கிற்று.

எச்சரிக்கைக்கு நேர்ந்த கதி

ஆயினும், இரப்பரின்மீது மட்டும் பழியைச் சுமத்திவிடுதல் முறையன்று. 1985 சனவரியில் நடந்த பயணத்திற்குப் பின், மீட்டெடுத்த உந்துகலன்களின் மூட்டில் வளையத்தைக் கடந்து கரி படிந்திருந்ததைப் பொறியாளர் கண்டனர். மார்ட்டன் தயோக்கால் நிறுவனப் பொறியாளர் ரோஜர் போஷொலே, இக்குறையைக் களையாவிடில் உயிரிழப்பு நேரக்கூடும் என 1985 சூலையிலேயே தம் மேலாளர்க்கு எழுதினார்.

ஏவுதலுக்கு முந்திய இரவு தொலைபேசி வழியே ஒரு கலந்தாய்வு நடந்தது. 12 பாகைக்குக் கீழே ஏவுதல் கூடாது என அந்நிறுவனத்தின் பொறியாளர் வாதிட்டனர். நாசா அதிகாரிகள் அதனை ஏற்கத் தயங்கினர். நிறுவனத்தின் மேலாளர் தனியே கூடிப் பேசித் தம் பொறியாளரின் கருத்தை மாற்றி, ஏவலாம் என இசைவளித்தனர். அவ்விசைவில் கையொப்பமிட அந்நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்டு மறுத்தார், வேறொருவர் ஒப்பமிட்டார்.

இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பாதுகாப்பானது என மெய்ப்பித்த பின்னரே ஏவுதல் என்பதுதான் மரபு. அன்றிரவோ, பாதுகாப்பற்றது என்பதை மெய்ப்பிக்குமாறு பொறியாளர் வற்புறுத்தப்பட்டனர். அவர்களிடம் ஐயமும் அதற்கான அடையாளங்களும் இருந்தன. முடிந்த முடிபாகக் காட்டத்தக்க சான்று இல்லை. மெய்ப்பிக்கும் சுமை இடம் மாறிய அந்தப் பொழுதிலேயே சேலஞ்சரின் கதி தீர்ந்துவிட்டது எனலாம். கலந்தாய்வு என்னும் வடிவம் இருந்தது. மாற்றுக் கருத்துக்குச் செவிகொடுத்தல் என்னும் அதன் உயிர் இல்லை.

சோயூசு தரும் பாடம்

சோவியத் நாட்டின் சோயூசு இராக்கெட்டுகளும் ஏவுதலில் தோல்வி கண்டுள்ளன. 1975 ஏப்ரல் 5 அன்று அடுக்குகள் முறையாகப் பிரியாமையால் பயணம் முறிந்தது. வீரர் இருவரும் தம் எடையைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கி, அல்த்தாய் மலையின் பனிச்சரிவில் இறங்கினர். 1983 செப்டம்பர் 26 அன்று, புறப்படுவதற்கு ஒன்றரை நிமிடம் இருக்கையில் ஒரு வால்வின் கோளாற்றால் ஏவுமேடையிலேயே தீப்பிடித்தது. கட்டுப்பாட்டுக் கம்பிகள் எரிந்துபோயின. தரையிலிருந்தோர் வானொலி வழியே ஆணையிட, உச்சியிலிருந்த தப்புவிக்கும் பொறி வீரர் அமர்ந்த கூண்டைப் பிய்த்துக்கொண்டு பறந்தது. அடுத்த ஓரிரு நொடிகளில் இராக்கெட்டு வெடித்துச் சிதறியது. தீத்தோவும் ஸ்திரெக்கலோவும் சில கிலோமீட்டர் தொலைவில் உயிருடன் இறங்கினர்.

2018 அக்டோபர் 11 அன்று ரஷ்ய வீரர் அலெக்சி ஓவ்சினினும் அமெரிக்க வீரர் நிக் ஹேக்கும் சென்ற சோயூசும் இவ்வாறே முறிந்தது. இராக்கெட்டைக் கோக்கும்போது, பிரிவை உணர்த்தும் உணரியின் ஊசி ஏழு பாகைக்கும் குறைவாக வளைந்துவிட்டது. அதனால் பக்கத்து உந்துகலன் ஒன்று முறையாக விலகாமல் நடுக்கலனை மோதியது. உச்சியிலிருந்த தப்புவிக்கும் கோபுரம் அதற்குச் சில நொடிகள் முன்னரே கழற்றி விடப்பட்டிருந்தது. ஆயினும் அந்நிலைக்கெனவே மேலுறையில் வேறொரு தொகுதி உந்துபொறிகள் வைக்கப்பட்டிருந்தன. அவை கூண்டை விலக்கிக் கொண்டுசென்றன. 2019 மார்ச்சில் அவ்விருவரும் மீண்டும் விண்ணேகினர்.

சோவியத் நாட்டார் உயிரிழப்பே காணாதவர் அல்லர். 1967இலும் 1971இலும் விண்ணிலிருந்து திரும்பும்போது அவர்தம் வீரர் மாண்டனர். எனினும் மேற்கண்ட மூன்று ஏவுதல்களிலும் உயிர் காத்தது எது? பிழை நேரக்கூடும் என முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பணிவே. விண்வெளி ஓடத்திலோ, முதல் நான்கு பயணங்களில் இருவர்க்கு மட்டும் இருந்த வெளியேற்று இருக்கைகள், பின்னர்க் குழு பெருகியபோது கைவிடப்பட்டன. சேலஞ்சர் எழுவர்க்கும் ஏவுதலின்போது தப்பும் வழி ஏதும் இருக்கவில்லை.

வெற்றி தந்த மறதி

24 முறை சென்று மீண்ட ஓடம் 25ஆம் முறையும் மீளும் என்னும் துணிவு எவ்வாறு பிறந்தது? வளையத்தில் அரிப்புக் காணப்பட்டும் முந்திய பயணங்கள் நன்றாகவே முடிந்தன. எனவே அரிப்பு என்னும் எச்சரிக்கை, வழக்கமான நிகழ்வு எனக் கொள்ளப்பட்டது. பேரழிவுக்கான வாய்ப்பு நூறாயிரத்தில் ஒன்று என நிருவாகத்தார் கணித்திருக்க, பணிபுரிந்த பொறியாளரோ நூற்றில் ஒன்று என்றனர் என்பதை ஃபெய்ன்மன் பதிவு செய்துள்ளார்.

திருவள்ளுவர் பொருட்பாலில் பொச்சாவாமை என்றே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். மகிழ்ச்சியின் மிகுதியில் பிறக்கும் மறதி, அளவிறந்த சினத்தினும் தீயது என்பது அதன் தொடக்கக் கருத்து. தோல்வியில் விழிப்போடிருப்பவன் வெற்றியில் கண்ணயர்வான் என்னும் இவ்வுண்மை, இருபதாம் நூற்றாண்டின் பெரும்பொறிக்கும் பொருந்தியமை வியப்பன்று; பொறியை ஆள்வோரும் மனிதரே.

வருந்தத்தக்கது யாதெனின், அதே பிழை மீண்டும் நேர்ந்தமைதான். 2003 சனவரி 16 அன்று கொலம்பியா ஓடம் எழுந்து 82 நொடியளவில், எரிபொருள் தொட்டியின் காப்பு நுரை ஒரு துண்டு பெயர்ந்து இடச்சிறகை மோதியது. நுரை பெயர்தல் முன்னரும் பலமுறை நிகழ்ந்ததே எனப் பொருட்படுத்தப்படவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறி, இந்தியாவில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர்.

நாம் கொள்ளத்தக்கது

இந்தியாவும் மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தை மேற்கொண்டது. அதன் தப்புவிக்கும் பொறி 2023 அக்டோபர் 21 அன்று ஆளில்லாமல் ஸ்ரீஹரிகோட்டாவில் சோதிக்கப்பட்டது. புறப்படுவதற்கு ஐந்து நொடி இருக்கையில் கணினி ஏவுதலைத் தானே நிறுத்தியது. காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்து, அன்றே ஏவினர். சோதனை வெற்றி பெற்றது. உலகமே பார்த்திருக்க நின்றுபோவதை இழிவாகக் கருதாமல், நிற்க வேண்டிய இடத்தில் நின்றமை கருதத்தக்கது.

பிறர் உயிர் நம் கையில் ஒப்படைக்கப்படும்போது அது அமானிதமாகிறது. அதனைக் காக்கும் கடமை, கண்ட குறையை மறைக்காமல் எடுத்துரைப்பவர்க்கு எவ்வளவு உண்டோ, அவ்வளவு அதனைச் செவிமடுப்பவர்க்கும் உண்டு. செய்யத்தக்க முன்னேற்பாடுகளையெல்லாம் செய்து முடித்த பின்னரே இறைவன்மீது பொறுப்பை ஒப்படைத்தல் தவக்குல் எனப்படும் என்பதை நம் பெரியோர் நன்கறிவர். நம் மாணவருள் எல்லாரும் இராக்கெட்டுச் செய்யப் போவதில்லை. ஆயினும் மருந்து அளப்பவர், பாலம் கட்டுபவர், பேருந்தின் தடையைச் சரிபார்ப்பவர், கணக்கைத் தணிக்கை செய்பவர் ஆகிய அனைவர்முன்னும் ஒருநாள் அந்த இரவுக் கலந்தாய்வு வந்து நிற்கும். அப்போது ஐயத்தை உரைக்கும் துணிவும், உரைப்பவரை மதிக்கும் பண்பும் வாய்க்கப் பெறுதலே கற்ற கல்வியின் பயனாகும்.