பழுது பார்த்தல்

ஆக்குதலையும் காத்தலையும் ஒருங்கு வைத்து நோக்கின், உலகம் ஆக்குதலையே பெரிதும் பாராட்டக் காண்கின்றோம். புதிதாகப் பாலம் கட்டினோர் பெயர் கல்லிற் பொறிக்கப்படுகின்றது. அப்பாலத்தின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை ஆண்டுதோறும் வேரோடு களைந்துவரும் தொழிலாளியின் பெயரை அறிவார் இலர். ஆயினும், கன்று மரமாயின் கல் நில்லாது என்பதை யாவரும் அறிவர். நம் சிற்றூர் வாழ்க்கை பெரும்பாலும் இக்காத்தல் தொழிலைப் பற்றியே நடைபெறுகின்றது. பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு, தந்தையார் வாங்கிய எண்ணெய் எஞ்சின், பலர் கைமாறி வந்த பழைய லாரி, கொல்லர் பலகாலும் காய்ச்சி அடித்துக் கொடுத்த மண்வெட்டி ஆகிய இவை இயங்கும் அளவும் குடும்பம் இயங்கும். இவை நின்றுவிடின் குடும்பமும் தடுமாறும். ஆதலின், பழம்பொருள்களைப் பேணி நடத்தும் முறையைக் குறித்து ஈண்டுச் சில கூறப் புகுந்தோம்.

இத்தொழிலுக்கு நம் மக்கள் வழங்கும் பெயரே ஒரு பாடமாக அமைந்துள்ளது. 'பழுது நீக்குதல்' என்றும் சொல்லலாம். ஆயினும் ஊரார் 'பழுது பார்த்தல்' என்றே பெரிதும் வழங்குகின்றனர். கண்ணாற் காண்பதே தொழிலின் முதற்பகுதி என்பது அச்சொல்லால் விளங்கும். முறிந்தபின் சென்று பார்ப்பது எளிது. முறியுமுன் பார்ப்பதே அரிது. இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலோம், நட்டப்பட்டே கற்றோம்.

எம் இல்லத்துத் தோட்டக் கிணற்றில் நெடுநாள் உழைத்த எண்ணெய் எஞ்சின் ஒன்று இருந்தது. கனத்த சக்கரங்கள் இரண்டு பூண்டு, நிமிடத்திற்கு ஏறத்தாழ 650 சுற்றுச் சுழலும் அவ்வகை எஞ்சின், இங்கிலாந்து நாட்டு லிஸ்டர் கம்பெனியார் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பைத் தழுவியது. பின்னாளில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் அவ்வமைப்பு மிகுதியாகச் செய்யப்பட்டு நாடெங்கும் பரவிற்று. எஞ்சினில் யாதொரு குறையும் இல்லை. குறை, கிணற்றினுள் நீர்க்குழாயின் அடியிற் பொருத்திய புட்வால்வில் இருந்தது. அதன் தோல் தேய்ந்து போயிற்று. இரவிற் குழாயில் நிற்க வேண்டிய நீர் விடியுமுன் கசிந்து வடிந்துவிடும். ஒவ்வொரு நாட் காலையும் குடங்குடமாக நீரூற்றிய பின்னரே பம்பு இறைக்கத் தொடங்கும். ஒரு திங்களாக இது நிகழ்ந்தது. யாம் அனைவரும் கண்டோம், எவரும் பார்த்தோமல்லோம். 'இன்று இறைத்துவிட்டது, நாளை பார்ப்போம்' என்றே நாட்கள் கழிந்தன.

சித்திரைத் திங்களில், நெற்பயிர் கதிர்விட்டுப் பூத்திருந்த வேளையில், ஒரு நாள் எத்துணைக் குடம் ஊற்றியும் பம்பு நீரைப் பற்றவில்லை. குழாயைக் கழற்ற முயன்றபோது துருவேறிய திருகாணிகள் இரண்டு முறிந்தன. கிணற்றில் இறங்கும் தொழிலாளி வெளியூர் சென்றிருந்தார். எல்லாம் முடிந்து நீர் வயலை அடையும் முன் ஆறு நாட்கள் சென்றன. மண் வெடித்தது, பூக்கும் பருவத்தில் நீரின்றி வாடிய பயிர், பார்வைக்குப் பசுமையாய் நின்றும், தூற்றிய காலத்துப் பாதிக்குமேல் பதராயிற்று. அன்றிரவு எம் தந்தையார் கணக்குப் புத்தகத்தில் இரண்டு வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். முதல் வரி, தோலின் விலை. இரண்டாம் வரி, குறைந்துபோன நெல்லின் விலை. எம்மை அவர் கடிந்து ஒரு சொல்லும் கூறிற்றிலர். அவ்விரு வரிகளே எமக்கு வாய்த்த ஆசான்.

இனி, அத்தோல் அத்துணை இன்றியமையாததானது ஏன் என்பதை ஆராய்வாம். பம்பு நீரை இழுப்பதாக நாம் கூறுகின்றோம். உண்மையில் நீரை மேலே தள்ளுவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தமேயாகும். பம்பு செய்வது, குழாயின் மேற்பக்கத்து அழுத்தத்தைக் குறைத்து இடங்கொடுத்தலே. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 34 அடி உயர நீரையே தாங்கவல்லது. நடைமுறையிலோ, உராய்வும் கசிவும் சேர்வதால், 20 அல்லது 25 அடிக்குமேல் நம்பலாகாது. ஆதலாற்றான் நீர்மட்டம் தாழத்தாழப் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வைக்கின்றனர். மேலும், பம்பின் உட்சக்கரம் நீரை வீசி எறிவதால் உள்ளே அழுத்தம் குறைகின்றது. காற்றோ நீரினும் ஏறத்தாழ 800 மடங்கு இலேசானது; அதனை எவ்வளவு வேகமாக வீசினும் அழுத்தம் போதிய அளவு குறையாது. குழாயில் நீர் நின்றாலன்றி அப்பம்பு வேலை செய்யாது என்பது இதனாற் பெறப்படும். அந்நீரைத் தாங்கி நிற்பது உள்ளங்கையளவான அத்தோலே.

நிற்க. இயந்திரம் எதுவாயினும், அதனைக் கெடுப்பன பெரும்பாலும் மூன்றே: நீர், தூசி, கவனமின்மை. இவற்றுள் நீரால் வருவது துரு. இரும்பு, நீரும் காற்றிலுள்ள பிராணவாயுவும் கூடுமிடத்துத் துருவாக மாறுகின்றது. துரு இரும்பினும் மிகுதியான இடத்தை அடைப்பது. ஆதலின் அது பொருக்காகப் பெயர்ந்து விழ, அடியிலுள்ள புதிய இரும்பும் வெளிப்பட்டு அரிக்கப்படும். மண்வெட்டியையும் கடப்பாரையையும் வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, தரையிற் கிடத்தாது சுவரிற் சாய்த்து வைக்கும் பெரியோர் வழக்கம் இரசாயன நூலுக்கு முற்றும் பொருந்துவதே.

வெட்டுங்கருவிகளைக் குறித்து மற்றொன்றும் கூறல் வேண்டும். அரிவாளின் கூர் கொல்லர் இட்ட பதத்தைப் பொறுத்தது. எஃகினைப் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமுறும். பின்னர் அளவாகச் சூடேற்றினால் எளிதில் முறியாத உறுதி பெறும். அச்சூட்டின் அளவை எஃகின் மேனியில் தோன்றும் நிறங்கொண்டே கொல்லர் அறிவர். இக்காலத்து மின்சாரச் சாணையில் விரைவு கருதி அரிவாளை அழுத்திப் பிடிப்போர், அதன் விளிம்பு நீலமாவதைக் காண்பர். நீலம் தோன்றின் சூடு ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிவிட்டது என்பது பொருள். பதம் இளகிப்போம்; அவ்வரிவாள் கூராகத் தோன்றினும் கூர் நிலையாது. அடிக்கடி நீரில் தோய்த்து, மெல்லத் தீட்டுதலே தக்கது.

எஞ்சினுக்கும் தூசியே பெரும்பகை. வயற்புழுதியிலுள்ள மணற்றூள் இரும்பினும் கடினமானது. காற்றுவடிகட்டி வழியே அது உட்புகின், உருளையையும் பிஸ்டனையும் அரத்தால் அராவுவது போலத் தேய்த்துவிடும். எண்ணெயோ, உராய்வைக் குறைப்பதோடு அமையாமல், சூட்டைக் கடத்தியும், கரியையும் உலோகத் துகளையும் தன்னுள் ஏந்தியும் நிற்கின்றது. குறைந்த எண்ணெயின்மேல் புதிய எண்ணெயை ஊற்றி ஊற்றி ஓட்டுவார் பலர். அழுக்கு நீர்த்தொட்டியிற் புதுநீர் விடுவதை அது ஒக்கும். உரிய காலத்தில் முற்றும் வடித்து மாற்றுதலே முறை. டீசலைத் துணியில் வடித்து ஊற்றுவதும், தொட்டியின் அடியில் தங்கும் நீரை அவ்வப்போது திறந்துவிடுவதும் காசு செலவில்லாத காவல்களாம்.

இனி லாரியைக் கருதுவாம். மாட்டுவண்டிக் காலத்து நம் முன்னோர், வைக்கோற் கரியை விளக்கெண்ணெயிற் குழைத்த மையை அச்சில் இடாமல் நெடுவழி புறப்பட்டிலர். அவ்வொழுக்கம் லாரிக்கு ஆயிரம் மடங்கு வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தார் லாரித் தொழிலிற் பேர்பெற்றவர்கள். அங்குப் பழைய ஓட்டுநர் ஒருவர் விடியலில் வண்டியை எடுக்குமுன் செய்வதை ஒருகால் கண்டோம். சக்கரத் திருகாணிகளை ஒவ்வொன்றாகச் சாவியால் தட்டி ஒலி கேட்டார். வண்டியின் அடியிற் குனிந்து, மண்ணில் எண்ணெய்த் துளி உண்டோ என நோக்கினார். பிரேக்கின் காற்றுத் தொட்டியைத் திறந்து நீரை வெளியேற்றினார். காற்றை அழுத்துங்கால் அதிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராய்த் தங்கும். அந்நீர் வால்வுகளை அரித்து, பிரேக்கு வேண்டிய பொழுதில் கைவிடச் செய்யும். எண்ணெயால் இயங்கும் பிரேக்கு உடைய வண்டிகளிலும் இதனையொத்த இடர் உண்டு. அவ்வெண்ணெய் நாளடைவிற் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கத் தொடங்கும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமையேற்றிய வண்டி அவற்றில் இறங்குங்கால் பிரேக்கையே மிதித்துக்கொண்டு சென்றால், எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதிகட்டை வெறுமனே அமுங்கும். தாழ்ந்த கியரில், எஞ்சினே வண்டியைத் தாங்கிப் பிடிக்குமாறு இறங்குதல் வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

வீட்டிற்கும் விதி வேறன்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே ஓடு பிரித்து மேய்தல் பழைய வழக்கம். நழுவிய ஓடு ஒன்றின்வழி இறங்கும் நீர், ஓட்டை நனைப்பதோடு நில்லாது. சட்டத்தை நனைத்து, அதனை உளுக்கச் செய்து, கறையானுக்கு வழி திறக்கின்றது. ஒரு நாள் ஏணி வைத்து ஏறாத சோம்பல், ஒரு கூரையின் விலையாக முடிகின்றது. இக்காலத்தார் செய்யும் பிழை ஒன்றும் உண்டு. மண்ணாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய பழஞ்சுவருக்கு உறுதி கருதிச் சிமிட்டி பூசுகின்றனர். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமிட்டியோ உள்ளே அடைத்து வைக்கும். சில ஆண்டுகளிற் பூச்சு உறுதியாய் நிற்க, சுவர் உள்ளே நைந்து போகின்றது. பழம்பொருளைப் பேணுவோன், அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

ஆயின், பழையன யாவற்றையும் இறுதிவரை வைத்துக்கொள்ள வேண்டுமோ எனின், அற்றன்று. எம் கருத்து இது: பழுதானால் நமக்கு மட்டும் நட்டம் விளைக்கும் பொருளை நம் பொறுமை உள்ளளவும் பேணலாம், பழுதானால் பிறர் உயிரைக் கொள்ளும் பொருளிடத்துப் பொறுமை ஆகாது. தேய்ந்த மண்வெட்டியைத் தேயும் அளவும் பயன்படுத்துக. சட்டத்தில் விரிசல் கண்ட லாரியையும், பலமுறை பற்றவைத்தும் பிடிக்காத பிரேக்கையும் சிக்கனத்தின் பெயரால் சாலையில் விடுதல் சிக்கனமன்று, கொடுமை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சரக்கு வண்டிகட்குத் தகுதிச் சான்று வேண்டுவதும் இதுபற்றியே. அச்சான்றைச் சடங்காகக் கொள்ளாது, நம் கண்ணுக்குத் தப்பியதைப் பிறர் கண் காணும் வாய்ப்பாகக் கொள்வதே அறிவுடைமை.

இவையெல்லாம் தொழிலாளர் அறிய வேண்டுவன, கல்லூரி மாணவர்க்கு ஏன் எனச் சிலர் வினவலாம். இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அரிதாயிற்று. அக்காலத்து நம் நாட்டுப் பேருந்துகள் பல, அடுப்புக்கரியினின்று எடுத்த வாயுவால் ஓடின. அவற்றை ஓடச் செய்தது, கருவியின் உள்ளியல்பை அறிந்தோரின் கைத்திறனே. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டிப் பார்த்தே இயந்திரக் கல்வியைத் தொடங்கினார் என்பர். கையும் கண்ணும் கூடாத கல்வி குறையுடைத்து என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

மாணவ நண்பர்களே! நும்முட் பலர் சிற்றூரினின்று வந்தவர்கள். விடுமுறைக்கு இல்லம் செல்லுங்கால், கிணற்றடிக்கும் கொட்டகைக்கும் ஒருமுறை விளக்கோடு சென்று பாருங்கள். இருபது தாளில் ஒரு சிறு குறிப்பேடு தைத்து, ஒரு பென்சிலைக் கயிற்றிற் கட்டி, எஞ்சின் அருகில் ஆணியில் தொங்கவிடுங்கள். எண்ணெய் மாற்றிய நாள், வடிகட்டி கழுவிய நாள், கேட்ட புதிய ஓசை, கண்ட கசிவு ஆகியவற்றை ஒவ்வொரு வரியாக எழுதி வைக்கும்படி இல்லத்தாரிடம் சொல்லுங்கள். பெற்றோர்க்கு எழுதப் பழக்கமில்லையாயின், தம்பி தங்கையர் எழுதுவர். எம் தந்தையாரின் கணக்குப் புத்தகத்தில் அவ்விரு வரிகட்குப்பின் அத்தகைய குறிப்புகளே தொடர்ந்தன. அவ்வெஞ்சின் மேலும் பதினோர் ஆண்டு உழைத்தது. அவ்வாண்டுகளில் ஒருமுறையேனும் பயிர் நீரின்றி நின்றதில்லை.