திடீர் மௌத்: ஒரு மாவட்டத்தில் எண்ணிப் பார்த்த கணக்கு



"இஷா தொழுதுவிட்டு வந்து நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஃபஜ்ருக்கு எழுப்பப் போனால் மௌத்." இப்படி ஒரு செய்தி வராத மஹல்லா இல்லை. காரணம் கேட்டால் ஹார்ட் அட்டாக் என்பார்கள். அதற்குமேல் யாரும் விசாரிப்பதில்லை. அஸருக்கு அடக்கம் என்று அறிவிப்பு வந்துவிடும். ஆஸ்பத்திரிக்கு வெளியே நேரும் இத்தகைய மரணங்களை ஒன்றுவிடாமல் விசாரிப்பது என்று அமெரிக்காவில் ஒரு மாவட்டத்தில் இறங்கினார்கள். அங்கே தெரியவந்த விஷயங்கள் நம் வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் இந்த மாதப் பாடமாக அதை எடுத்துக்கொண்டோம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ஏற்படும் அடைப்பு. பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார், வலிக்கிறது என்பார், வியர்க்கும். இதயம் நின்றுபோவது வேறு. இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்னோட்டம் தாறுமாறாகி, அது ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும். சில நொடிகளில் நினைவு போய்விடும். முதலாவது இரண்டாவதில் கொண்டுபோய் விடலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தொந்தரவு தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் இதயக் கோளாறால் இறந்தால் அதைத் திடீர் இதய மரணம் என்கிறார்கள். யாரும் பார்க்காதபோது இறந்திருந்தால், முந்திய 24 மணி நேரத்துக்குள் அவரை நலமாகப் பார்த்தவர் இருக்க வேண்டும்.

அந்த மாவட்டம் ஓரிகன் மாநிலத்தின் மல்ட்னோமா. போர்ட்லாந்து நகரம் அதில்தான் இருக்கிறது. அன்றைய மக்கள்தொகை சுமார் ஆறு லட்சத்து அறுபதாயிரம். டாக்டர் சுமீத் சுக் தலைமையில் 2002 பிப்ரவரி முதல் ஓராண்டு முழுவதும் கணக்கெடுத்தார்கள். ஆம்புலன்ஸ்காரர்களின் பதிவு, சந்தேக மரணங்களை விசாரிக்கும் அரசு மருத்துவ அலுவலகம், ஆஸ்பத்திரிகள் என்று பல வழிகளிலும் தகவல் வந்தது. ஒவ்வொருவரின் பழைய மருத்துவக் குறிப்புகளையும் எடுத்து, இது இதயம்தானா என்று மருத்துவர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அப்படித் தேறியவர்கள் 353 பேர். லட்சத்துக்கு 53. அவர்களில் உயிர் பிழைத்தவர்கள் 28 பேர்தான்.

அதே ஆண்டுக்கு, இறப்புச் சான்றிதழில் எழுதியிருப்பதை மட்டும் வைத்தும் எண்ணிப் பார்த்தார்கள். 1,007 வந்தது! ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்த 1,007-லும் நூற்றுக்கு 19 தான் உண்மையில் திடீர் இதய மரணம். இன்னொரு பக்கம், உண்மையாகவே அப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு 41 பேர் சான்றிதழ்க் கணக்கில் வரவேயில்லை. காரணம் தெரியாத இடத்தில் 'இதயம்' என்று எழுதிவிடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல போலும்.

பிறகு சான்பிரான்சிஸ்கோவில் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். 2011 முதல் 2014 வரை, திடீர் இதய மரணம் என்ற வரையறைக்குள் வந்த 525 பேரைப் பிரேதப் பரிசோதனை செய்தார்கள். இதயத்தின் மின்னோட்டக் கோளாறால் இறந்தவர்கள் பாதிக்குச் சற்று மேல், நூற்றுக்கு 56 பேர். மற்றவர்களுக்கு வேறு காரணங்கள். மூளையில் ரத்தக்கசிவு இருந்தது. யாருக்கும் தெரியாமல் போதைப்பொருளோ மருந்தோ அளவு மீறியதும் இருந்தது. நாம் சட்டப்படி தேவைப்பட்டால் தவிர மய்யித்தைப் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுப்பதில்லை, சீக்கிரம் அடக்கம் செய்கிறோம். அது மார்க்கம் காட்டிய வழி. ஆகவே நம்மிடத்தில் மிஞ்சுவது வீட்டாரின் ஞாபகம் ஒன்றுதான். கடைசி நாள்களில் அவர் என்ன சொன்னார், எதற்குச் சோர்ந்தார் என்பதை வீட்டில் யாராவது நினைவில் வைத்திருந்தால்தான் உண்டு.

அந்த ஞாபகத்தைத்தான் ஓரிகன் ஆய்வாளர்கள் அடுத்துத் தேடிப் போனார்கள். 35 முதல் 65 வயது வரை உள்ளவர்களில், இதயம் நிற்பதற்கு முந்திய நான்கு வாரங்களில் என்ன நடந்தது என்று பிழைத்தவர்களிடமும், உறவினரிடமும், உடனிருந்தவர்களிடமும் விசாரித்தார்கள். 839 பேரைப் பற்றிய விவரம் கிடைத்தது. 2016-ல் வெளியிட்ட முடிவைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 430 பேருக்கு, அதாவது பாதிப் பேருக்கு, முன்கூட்டியே அறிகுறி இருந்திருக்கிறது. பெரும்பாலும் நெஞ்சுவலி, அடுத்தது மூச்சுத்திணறல். அறிகுறி இருந்தவர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு அது கடைசி 24 மணி நேரத்தில் மறுபடியும் வந்திருக்கிறது. ஆனால் அவசர எண்ணுக்குப் போன் செய்தவர்கள் 81 பேர்தான். அப்படிக் கூப்பிட்டவர்களில் நூற்றுக்கு 32 பேர் பிழைத்தார்கள். கூப்பிடாதவர்களில் நூற்றுக்கு 6 பேர்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முன்னதாகவே கூப்பிட்டிருந்தால், இதயம் நிற்கும் நேரத்தில் ஆம்புலன்ஸ்காரர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள், அல்லது வந்துகொண்டிருப்பார்கள். அதிர்ச்சி கொடுத்து இதயத்தைத் திரும்ப ஓடவைக்கும் கருவி அவர்கள் கையில் இருக்கும். யாரும் முதலுதவி செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. நம் தெருக்களில் வண்டி நுழைந்து வர ஆகும் நேரத்தை நினைத்தால், ஆள் விழுவதற்கு முன்பே கூப்பிடுவது நமக்குத்தான் அதிகம் தேவை.

கூப்பிட்டவர்கள் யார் என்றும் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே இதயநோய் உள்ளவர்களும், வலி விடாமல் இருந்தவர்களும்தான் அதிகம். வலி வந்து வந்து போனவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். நம் வீடுகளிலும் இதுதானே நடக்கிறது? வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்து, கொஞ்சம் தணிந்ததும் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 2023-ல் இதே குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்களுக்கு முக்கிய அறிகுறி மூச்சுத்திணறல். ஆண்களுக்கு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வியர்வை. அடுப்படியில் நிற்கும் உம்மாவுக்கு மூச்சு வாங்கினால் 'வேலை ஜாஸ்தி' என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. "அஜல் வந்தால் யார் தடுக்க முடியும்" என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னதும் அதே மார்க்கம்தான்.

நெஞ்சில் அழுத்தமோ வலியோ, புதிதாக மூச்சுத்திணறலோ, காரணமில்லாத வியர்வையோ வந்தால், அது வந்து போனாலும் சரி, 108-ஐக் கூப்பிடுங்கள். "நெஞ்சுவலி" என்ற வார்த்தையையும் வயதையும் பள்ளிவாசல் போன்ற ஓர் அடையாளத்தையும் முதலில் சொல்லுங்கள். வயதானவரை பைக்கின் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோவதை நாம் பல முறை பார்த்திருக்கிறோம். வழியில் இதயம் நின்றால் அங்கே யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆம்புலன்ஸ் கிடைக்காவிட்டால் காரில் ஏற்றி, இசிஜி எடுக்கும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுத் திரும்ப வேண்டாம். நினைவிழந்து, மூச்சும் சரியாக இல்லாவிட்டால், தரையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு அங்குல ஆழம் போகும்படி வண்டி வரும்வரை அழுத்துங்கள்.

வீட்டில் மௌத் நேர்ந்து டாக்டர் வந்து பார்க்கும்போது, முந்திய சில வாரங்களில் இருந்த வலி, மயக்கம், சாப்பிட்டுவந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். இறந்தவர் நாற்பது வயதுக்குள் இருந்தால், அவருடைய பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோர் ஒரு முறை இதய மருத்துவரிடம் போய் இசிஜியும் எக்கோவும் எடுத்துக்கொள்வது நல்லது. சில மின்னோட்டக் கோளாறுகளும் இதயத் தசை தடித்துப்போகும் நோயும் ரத்த சொந்தங்களுக்குள் தொடர்ந்து வரக்கூடியவை.