வண்டிக்கு வந்த காய்ச்சல்

நுழையும்முன்

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியோர் பேசக் கேட்டிருப்பீர்கள். அவற்றுள் நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தது 'பிரீமியர் பத்மினி' என்னும் மகிழுந்து. இத்தாலி நாட்டு ஃபியட் வண்டியை அடிப்படையாகக் கொண்டு குர்லாவில் உருவாக்கப்பட்ட அவ்வண்டி, 2023 அக்டோபர் 30 முதல் மும்பையில் டாக்சியாக ஓடுவதில்லை. அதில் கணினி இல்லை. பழுது ஏற்பட்டால் மனிதரின் காதும் கண்ணும் அறிவுமே அதனைக் கண்டறிந்தன. எவ்வாறு கண்டறிந்தன? ஒரு கற்பனை நிகழ்ச்சியின் வழியாக அறிவோம்.

பாடம்

1990களில் ஒரு மே மாதம். தாராவியில் வாழ்ந்த தமிழர் ஒருவர் வாடகைக்கு எடுத்த பத்மினி டாக்சியை ஓட்டிவந்தார். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் உரிமையாளருக்குரிய நாள்வாடகையைக் கொடுத்தாக வேண்டும். சூன் மாதம் பள்ளி திறக்கும். எட்டாம் வகுப்புக்குச் செல்லும் மகளுக்குச் சீருடையும் நூல்களும் வாங்க வேண்டும்.

அவ்வேளையில் வண்டிக்கு ஒரு நோய் வந்தது. காலையில் ஒழுங்காக ஓடும். வெயில் ஏறியபின், 'டப், டப்' எனத் துப்பாக்கி வெடிப்பதுபோல் ஒலி எழும். வண்டி குலுங்கும். பயணிகள் அஞ்சி இறங்கிவிடுவர். ஒரு பணிமனையில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினர். மற்றொன்றில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரையே மாற்றினர். சேமித்த பணம் கரைந்தது, ஒலி நிற்கவில்லை.

இறுதியில் அவர், தொண்ணூறு அடிச் சாலையின் அருகே இருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்றார். திருநெல்வேலியிலிருந்து வந்த அப்பெரியவரை அனைவரும் 'அண்ணாச்சி' என்றே அழைப்பர். அன்று காலை வண்டி ஒழுங்காக ஓடியது. பெரியவர் கருவி எதனையும் எடுக்கவில்லை.

"தம்பி, ஒலி எங்கிருந்து வருகிறது? முன்னால் கார்புரேட்டர்ப் பக்கமா, பின்னால் சைலன்சர்ப் பக்கமா?"

"கவனிக்கவில்லை, அண்ணாச்சி."

"எப்போது வருகிறது? ஓடும்போதா, நின்று புறப்படும்போதா?"

அதற்கும் அவரிடம் விடையில்லை.

"மூன்று நாள் கவனித்து எழுதி வாருங்கள். தமிழில் எழுதுங்கள், எனக்கு வேறு மொழி படிக்கத் தெரியாது."

தந்தைக்கு எழுதிப் பழக்கமில்லை. ஆகவே, ஒவ்வோர் இரவும் அவர் சொல்லச் சொல்ல, பள்ளியில் தமிழ் பயின்ற மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதினாள்.

காலை 7 மணி, மாட்டுங்கா: ஒலி இல்லை.
முற்பகல் 11.30, சயான் சிக்னல்: இருமுறை ஒலி; சைலன்சர்ப் பக்கம்.
பிற்பகல் 1 மணி, செம்பூர்: நெரிசலில் நின்று புறப்படும்போது பலமுறை ஒலி, சைலன்சர்ப் பக்கம்.
பிற்பகல் 3 மணி: ஒரு மணி நேரம் நிழலில் நிறுத்தியபின் ஒலி இல்லை.

நான்காம் நாள் குறிப்பேட்டைப் படித்த பெரியவர், "காய்ச்சல் அடிக்கும்போது நோயாளியைப் பார்க்க வேண்டும். நாளை உச்சிவேளையில் வண்டியை ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவாருங்கள்" என்றார்.

மறுநாள் தந்தையுடன் மகளும் சென்றாள். வண்டி வெடித்துக்கொண்டே வந்து நின்றது. பெரியவர் பேனட்டைத் திறந்து விளக்கினார்:

"சூட்டில் வரும் வெடிப்புக்குப் பல காரணங்கள் உண்டு அம்மா. பெட்ரோல் குழாயும் பம்பும் மிகச் சூடானால், உள்ளே பெட்ரோல் ஆவியாகும். அப்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையும். பெரும்பாலும் கார்புரேட்டர் வழியே ஒலி வரும். வால்வுக்குரிய இடைவெளி மிகக் குறைந்திருந்தால், சூட்டில் வால்வு முழுமையாக மூடாது. தீப்பொறி வலுவிழந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குச் சென்று அங்கே வெடிக்கும். நீ எழுதியதில் ஒலி பின்பக்கம் என்றிருக்கிறது. எனவே தீப்பொறி மீதே என் ஐயம்."

ஆயினும் செலவில்லாத சோதனையை முதலில் செய்தார். பெட்ரோல் பம்பின்மீது ஈரத்துணியைச் சுற்றினார். சிறிது நேரம் கழித்து எஞ்சினை இயக்கினார். ஒலி மாறவில்லை. பெட்ரோல் ஆவியாகிறது என்னும் காரணம் விலகியது.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழலச் செய்தார். உள்ளே, மின்சுற்றைத் திறந்து மூடும் 'பாயிண்ட்' என்னும் உறுப்பில் பெரிய வெண்ணிறப் பொறிகள் தெறித்தன.

"பார், இங்கே இவ்வளவு பொறி வரக்கூடாது. பாயிண்ட் திறக்கும்போது மின்னோட்டத்தைத் தாங்கிக்கொள்வது கண்டன்சர் என்னும் இந்தச் சிறிய உறுப்பு. அது தாங்கினால்தான் காயிலில் மின்னோட்டம் சட்டென நிற்கும். ஸ்பார்க் பிளக்கில் வலுவான பொறி பிறக்கும். சூட்டில் இது தளர்ந்துவிட்டால், வெளியே போக வேண்டிய வலிமை இங்கேயே வீணாகிவிடும்."

விரற்கணு அளவே இருந்த கண்டன்சரைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினார். வேறெதையும் தொடவில்லை. எஞ்சின் சீராக ஓடியது. தந்தை மகிழ்ந்து பணத்தை எடுக்க, பெரியவர் கையமர்த்தினார். புதியதைக் கழற்றிப் பழையதையே மீண்டும் பொருத்தினார்!

'டப்!'

"இப்போதுதான் உறுதி. புதியதை மாட்டியதும் ஒலி நின்றது தற்செயலாகவும் இருக்கலாம். பழையதை மாட்டியதும் ஒலி திரும்பினால், குற்றவாளி அதுதான்" என்றார். பின்னர்ப் புதிய கண்டன்சரைப் பொருத்தி, கருகியிருந்த பாயிண்ட்டையும் மாற்றி, அதன் இடைவெளியைச் சரிசெய்தார். ஆன செலவு, கார்புரேட்டருக்குக் கொடுத்ததில் சிறு பங்கே.

விடைபெறும்போது மகளிடம் குறிப்பேட்டைத் திருப்பித் தந்து, "இதில் 'செம்பூர், நின்று புறப்படும்போது' என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு வழிகாட்டியது. ஓடும்போது காற்றுப் பட்டு எஞ்சினின் வெம்மை தணியும், நெரிசலில் நிற்கும்போது தணியாது" என்றார்.

மாணவர்களே! மருத்துவர் முதலில் நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, பின்னரே தீர்க்கும் வழியை மேற்கொள்ள வேண்டும் என்று திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகிறது. முதல் இரு பணிமனைகளும் தீர்வில் தொடங்கின; பெரியவர் கேள்வியில் தொடங்கினார். இன்றைய வண்டிகளில் கணினி பழுதைச் சுட்டிக்காட்டலாம். எனினும் எங்கே, எப்போது, எந்நிலையில் என்னும் கேள்விகள் பழையன ஆகவில்லை.

சொல்லும் பொருளும்

ஐயம் – சந்தேகம்
உச்சிவேளை – நண்பகல்
வெம்மை – சூடு
தற்செயல் – எதிர்பாராமல் நிகழ்வது
கண்டன்சர் – மின்தேக்கி

பயிற்சி

1. பெரியவர் முதல் நாளிலேயே வண்டியைப் பழுதுபார்க்காதது ஏன்?
2. ஈரத்துணிச் சோதனையால் விலகிய காரணம் யாது?
3. பழைய கண்டன்சரை மீண்டும் பொருத்தியது ஏன்? உங்கள் சொற்களில் விளக்குக.
4. பெரியவர் இரண்டு உறுப்புகளை ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எதனை அறிய முடியாமல் போயிருக்கும்?
5. பிரித்து எழுதுக: குறிப்பேடு, மின்னோட்டம், வெண்ணிறம்.

செயல்பாடு

உங்கள் வீட்டில் சரியாக இயங்காத மின்விசிறி, மிதிவண்டி, கடிகாரம் ஆகியவற்றுள் ஒன்றை மூன்று நாள் கவனித்து, நேரம், நிலை, நிகழ்ந்தது ஆகியவற்றைத் தமிழில் எழுதுக. எழுதியதை வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் படித்துக்காட்டுக. மின்கருவிகளையும் சூடான எஞ்சினையும் தொடாதீர்கள். கவனிப்பதே உங்கள் பணி.