கூகுள் நம்ம கூடையைக் கண்டுபிடிக்குமா?

இந்த மாத அறிவியல் பகுதியில் தேடுபொறியைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் யாராவது இணையதளம் வைத்திருந்தால் அவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

கூகுளில் ஒரு சொல்லைத் தட்டினதும் அது அப்பவே உலகம் முழுக்க ஓடித் தேடுது என்று பலர் நினைக்கிறாங்க. அது தவறு. அதன் வேலை மூன்று.

1. படிப்பது: கூகுள்பாட் என்ற மென்பொருள் ஒரு பக்கத்தில் உள்ள லிங்க்கைப் பிடித்து அடுத்த பக்கத்துக்குப் போய், ஒவ்வொன்றாகப் படிக்கும்.

2. பதிவது: படித்ததை அட்டவணையில் சேர்க்கும். சில புத்தகங்களின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று போட்டிருக்குமே, அது மாதிரி.

3. வரிசைப்படுத்துவது: நாம் கேட்டதும் அட்டவணையில் பொருத்தமானதை முன்னால் காட்டும்.

வரிசைக்கு ஒரு வழியை 1998இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்கள் லாரி பேஜ், செர்ஜி பிரின் வெளியிட்டார்கள். பெயர் பேஜ்ரேங்க். ஒரு பக்கத்துக்கு மற்றவர் கொடுக்கும் லிங்க் ஓட்டு மாதிரி. ஆனால் நல்ல மதிப்புள்ள பக்கம் போடும் ஓட்டுக்குத்தான் பலம் அதிகம். இப்போது இன்னும் பல அளவுகோல்கள் சேர்ந்துவிட்டன.

இனி ஓர் உதாரணம். எங்க அம்மா இருக்கிற மகளிர் குழு பனை ஓலைக் கூடை பின்னி விற்குது. மாமா பையன் ஒரு தளம் செய்து கொடுத்தான். பார்க்க அழகு. ஆனா "பனை ஓலைக் கூடை" என்று தேடினால் வரவே இல்லை. ஏன்? தலைப்பில் "முகப்பு" என்று மட்டும் இருந்தது. கூடையின் பெயர், அளவு, விலை எல்லாம் படத்துக்குள்ளே இருந்தது. எழுத்தாகத் தட்டியது ஒரு வரிகூட இல்லை!

ஆகவே செய்ய வேண்டியவை:

* ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு. "முகப்பு" வேண்டாம், "பனை ஓலைக் கூடை, கைப்பின்னல்" என்று இருக்கட்டும்.
* வாங்குகிறவர் எந்தச் சொல்லால் கேட்பாரோ அந்தச் சொல்லில் எழுதுங்கள்.
* படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்னும் விளக்க வரி கொடுங்கள். பார்வையற்றோரின் கருவியும் அதைத்தான் வாசிக்கும்.
* செல்போனில் சரியாகத் தெரிய வேண்டும். கூகுள் அந்த வடிவத்தைத்தான் படித்துப் பதிகிறது.
* கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். அதில் தளத்தைச் சேர்த்தால் எந்தப் பக்கம் பதிவாகியிருக்கு என்று தெரியும்.

ஒரே சொல்லை நூறு தடவை எழுதினால் முதலிடம் வருமா? வராது. 2006இல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ கார் கம்பெனி, தேடுபொறிக்கு ஒரு பக்கமும் மனிதருக்கு வேறு பக்கமும் காட்டியது. கூகுள் அந்தத் தளத்தையே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கம்பெனி அந்தப் பக்கங்களை நீக்கிய பிறகுதான் திரும்பச் சேர்த்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி!

இன்னொன்று முக்கியம். குழுவுக்கு ஒருத்தர் போன் செய்து, "பதினைந்தாயிரம் கொடுங்க, ஒரே வாரத்தில் கூகுளில் முதலிடம்" என்றாராம். அது எத்தனை கூடை விற்ற காசு! முதலிடத்துக்கு யாருமே உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே சொல்லியிருக்கு. காசு கட்டினால் விளம்பரம் வரும். அது தனி, விளம்பரம் என்ற குறிப்போடுதான் வரும். சாதாரண வரிசையில் இடம் விலைக்குக் கிடையாது. இதை அம்மாவிடம் விளக்கினேன். குழுக் கூட்டத்தில் பேசி, பணம் தர வேண்டாம் என்று முடிவு செய்தாங்க.

இப்போது தினமும் சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கூடையைப் பற்றியும் நான் எழுதுகிறேன். எந்த ஓலை, எத்தனை நாள் வேலை, எவ்வளவு எடை தாங்கும் என்று. மாமா பையன் அதைத் தளத்தில் ஏற்றுகிறான். மாற்றம் தெரிய சில வாரமோ மாதமோ ஆகலாம். பரவாயில்லை. கூடை பின்னவும் பொறுமை வேணும் இல்லையா?

சந்தேகம் இருந்தால் இடைவேளையில் கேளுங்கள்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி