சிறைவாசலுக்கு முதல்முறை போகும் மகளுக்கு

சிறையாளிகளுக்காக உழைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய் மகளே. கோர்ட்டுக்கும் ஜெயிலுக்குமாக நடந்தே நரைத்தவள் நான். என் மனசில் தங்கியதைச் சொல்கிறேன்.

1. பெயர் வெளியே தெரியாதவரை முதலில் தேடிப் போ. பாதிரியார் ஸ்டேன் சுவாமி நம் திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர். ஜார்க்கண்டில் நக்சல் என்று சொல்லி அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்களின் வழக்குகளை ஆராய்ந்து, விசாரணை முடியாமலே அவர்கள் உள்ளே கிடப்பதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். 2020 அக்டோபரில், பீமா கோரேகான் வன்முறை வழக்கில், ஊபா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் அவரே கைதானார். அவருக்காக ஊர் உலகமெல்லாம் பேசியது, பேசத்தான் வேண்டும். அந்த இளைஞர்களுக்கு யார் சுவரொட்டி ஒட்டினார்கள்?

2. சின்னத் தேவை என்று எதையும் தள்ளாதே. நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாத 83 வயது ஸ்டேன் சுவாமி, சிறையில் உறிஞ்சிக் குடிக்க ஒரு ஸ்ட்ரா கேட்டு மனுப் போட்டார். பதில் சொல்ல தேசியப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. மறு வருஷம் ஜூலை 5-ல், ஜாமீன் கிடைக்காமலே ஆஸ்பத்திரியில் இறந்தார். நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. மூக்குக் கண்ணாடி, மாத்திரை, போர்வை என்று உள்ளிருப்பவர் எதைக் கேட்டாலும் அன்றைக்கே எழுதிக் கொடு.

3. கூட்டிச் சொல்லாதே. ஒரு அடியை இரண்டு என்றால், விழுந்த அடியையும் நம்பமாட்டார்கள். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், யார் பார்த்தது, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்.

4. பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு மடித்து வைக்காதே. பீகார் சிறைகளில், தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணையில்லாமல் பலர் கிடந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். 1979-ன் ஹுசைனாரா காத்தூன் வழக்கு அப்படிப் பிறந்ததுதான். அதனால் ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள்.

5. கூட்டம் கலையும், வாய்தா கலையாது. முதல் மாதம் நூறு பேர் வருவார்கள். மூன்றாம் வருஷம் அம்மா மட்டும் வருவாள். மனுப் போட்டு உள்ளிருப்பவரைப் பார்க்க வந்த ஒரு தாயின் முறுக்குப் பொட்டலத்தை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்கு அன்று என் சட்டப் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.

6. விடுதலையோடு விலகிவிடாதே. மாவோயிஸ்ட் தொடர்பு வழக்கில் சிறைப்பட்ட பேராசிரியர் சாய்பாபா சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 2020-ல் தாய் இறந்தபோது இறுதிச் சடங்குக்குப் போக அவருக்குப் பரோல் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு அவரை விடுவித்தது, அதே வருஷம் அக்டோபரில் இறந்துபோனார். வெளியே வந்தவரை டாக்டரிடம் கூட்டிப் போவதும் உன் வேலைதான்.

7. கடிதம் எழுது. அதிகாரி படித்த பிறகுதான் கைக்குப் போகும், அதனால் வழக்கைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். தெருவில் மழை பெய்ததை எழுது, தம்பி பாஸானதை எழுது. பதில் எழுத வெள்ளைத் தாளும் தபால்தலையும் சேர்த்து வைக்கலாமா என்று ஜெயிலில் முன்கூட்டியே கேட்டுக்கொள்.