கையும் மூளையும்

காஞ்சிமாநகருக்கு மேற்கே, பெங்களூர் செல்லும் பெருவழியை ஒட்டித் திருப்புட்குழி என்னும் ஊர் உள்ளது. சிறகிழந்து வீழ்ந்த சடாயுவுக்கு இராமபிரான் இறுதிக்கடன் ஆற்றிய இடம் இதுவென்பர். புள் என்றால் பறவை. ஊர்ப்பெயரே அக்கதையைச் சொல்லி நிற்கிறது. விசயராகவப் பெருமாள் கோயிலும் சடாயு தீர்த்தமும் இங்கு உள்ளன. பட்டு நெசவு இவ்வட்டாரத்தின் பழந்தொழில்.

வெட்டுண்ட சிறகு மீண்டும் முளைப்பதில்லை. பக்கவாதத்தால் செயலிழந்த கையோ அத்தகையதன்று.

பட்டு நெய்யும் ஒருவருக்குப் பக்கவாதம் கண்டது எனக் கொள்வோம். நேற்றுவரை நாடாவை எறிந்த வலக்கை இன்று மடியில் கிடக்கிறது. கையில் யாதொரு பழுதும் இல்லை. மூளையின் இடப்பாகத்தில் குருதிக்குழாய் அடைபட்டதனாலோ வெடித்ததனாலோ, கையை ஏவும் பகுதி கெட்டுவிட்டது. இத்தகைய நோயாளியை நொடியும் தாழ்க்காது மருத்துவமனை சேர்த்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டுமாதலின், கைவைத்தியத்தில் பொழுது போக்குவது பெரும்பிழை.

உயிர் தப்பியபின் கைக்கு வழி என்ன? மாண்ட நரம்பணுக்கள் மீள்வதில்லை. எனினும் அவற்றை அடுத்துள்ள பகுதிகள், இடைவிடாப் பயிற்சியால் அவற்றின் வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. இளமையில் தறியில் அமர்ந்து, இழை அறுத்தும் முடிந்தும் பழகிய அதே வழியில் மூளை மறுபடியும் கற்கிறது.

இக்கல்விக்கு மின்னாற்றல் துணைசெய்யுமா என அறிஞர் ஆராய்ந்தனர். 1985-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செபீல்டு நகரில் பார்க்கர் என்பாரும் துணைவரும், மண்டையைத் திறவாமலே, தலைமேல் வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டிக் கைத்தசையை அசையச் செய்தனர். 2000-ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் நிட்சேயும் பவுலசும், நீரில் நனைத்த மின்முனைகள் வழியே ஒரு மில்லி ஆம்பியர் அளவுள்ள மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். அது கையைத் தானாக அசைக்கவில்லை. மூளையின் அப்பகுதி ஏவலுக்கு எளிதில் இசையும் நிலையை மாற்றியது. மின்னோட்டம் நின்றபின்னும் அம்மாற்றம் சில நிமிடம் நீடித்தது.

ஆதலின் அம்மின்னோட்டத்தைப் பயிற்சியோடு இணைத்துப் பார்க்கின்றனர். வாளா அமர்ந்திருப்பவனுக்கு அது கையை மீட்டுத் தாராது. பயிற்சியோடு சேர்ந்தபோதும் சில ஆய்வுகளில் பயன் கண்டது, சிலவற்றில் காணவில்லை. இவ்வுண்மையை மறைத்து விற்கப்படும் கருவிகளை நம்பலாகாது. மின்கலமும் கம்பியும் கொண்டு வீட்டில் முயல்வதோ பேதைமை.

மின்சாரமே வேண்டாத ஒரு முறையையும் கண்டவர் உளர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் அமெரிக்காவில் முகம்பார்க்கும் ஆடியைக் கருவியாகக் கொண்டார். கையிழந்தோர்க்கு, இல்லாத கையில் தோன்றும் வேதனையைத் தணிக்க அவர் முதலில் அதனைப் பயன்படுத்தினார். பக்கவாதமுற்ற ஒன்பதின்மரிடம் அவரும் துணைவரும் அதனை ஆய்ந்து, முடிவை 1999-இல் வெளியிட்டனர்.

நெசவாளரின் இரு கைகளுக்கும் நடுவே ஆடி நிற்கிறது. செயலற்ற வலக்கை அதன் பின்னே மறைகிறது. இடக்கையை அவர் விரித்து மூடுகையில், ஆடியில் வலக்கையே விரிந்து மூடுவதுபோல் தோன்றுகிறது. அதைக் கண்டவாறே, மறைந்துள்ள கையையும் அசைக்க முயல்கிறார். நாடாவைப் பற்றும் நாள் தொலைவில் உள்ளது. இன்று அவர் வேண்டுவது ஒரு விரல் விரிதலே.