களிமண் கலந்த நெகிழியும் ஒலித்தடுப்பும்

சுவரின் ஒரு பக்கத்தில் எழும் ஒலி மறுபக்கத்தில் கேட்பதற்குக் காரணம், ஒலியலைகள் அச்சுவரை நுண்ணளவில் அதிரச் செய்வதே. கனமான சுவர் எளிதில் அதிராது. ஓரலகுப் பரப்பின் நிறை இருமடங்கானால், கடந்துசெல்லும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அதாவது, ஒலியாற்றல் கால் பங்காகச் சுருங்கும். இதனை ‘நிறை விதி’ என்பர். செங்கற்சுவருக்கு இவ்விதி நன்மையே, மகிழுந்துக்கோ பெருஞ்சிக்கல். மின்மகிழுந்தில் எஞ்சினின் இரைச்சல் இல்லாமையால், சக்கரம் சாலையில் உருளும் ஒலியும் காற்றின் சீற்றமும் தெளிவாகக் கேட்கின்றன. அவற்றைத் தடுக்கக் கனத்த தகடுகளைப் பொருத்தினால், ஒருமுறை மின்னேற்றிச் செல்லும் தொலைவு குறைகிறது. எடை கூடாமல் அமைதியைப் பெறுவது எங்ஙனம்?

அதற்கான வழிகளுள் ஒன்று களிமண்ணில் தேடப்படுகிறது. மான்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம், ஏடுகளை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்புடையது. ஓர் ஏட்டின் தடிமன் ஏறத்தாழ 1 நானோமீட்டர். அகலமோ பெரும்பாலும் அதைப்போல் நூறு மடங்கு. நீரை நாடும் இக்களிமண், பெரும்பாலான நெகிழிகளுடன் எளிதில் கலவாது. 1980களில் ஜப்பானின் டொயோட்டா ஆய்வுக்கூட அறிவியலாளர்கள், ஏடுகளுக்கிடையே கரிமச் சேர்மத்தைப் புகுத்தி, அவற்றைத் தனித்தனியே பிரித்து நைலான்-6இல் பரவச் செய்தனர். எடையில் 5 விழுக்காட்டளவு களிமண்ணே நைலானின் வலிமையையும் வெப்பந்தாங்கும் திறனையும் வெகுவாக உயர்த்தியது. அவர்கள் நாடியது அமைதியை அன்று. எஞ்சினருகே வெப்பத்தைத் தாங்கும் உறுதியான பொருளையே. ஒலிசார்ந்த ஆய்வுகள் பின்னர்த் தொடர்ந்தன.

நெகிழி அதிரும்போது அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று உராய்ந்து, அதிர்வாற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றுகின்றன. களிமண் ஏடுகள் பரவியிருப்பின், ஏட்டுக்கும் சங்கிலிக்கும் இடையே மிகப் பரந்த தொடுபரப்பு உருவாகிறது; அங்கும் உராய்வு நிகழலாம். ஆயினும் இது எப்போதும் நன்மையாக முடிவதில்லை. ஏடுகள் சங்கிலிகளை இறுகப் பற்றிக்கொண்டால், நெகிழி விறைப்படைந்து அதிர்வைத் தணிக்கும் இயல்பை ஓரளவு இழக்கும்.

விறைப்புக்கும் இருமுகங்கள் உண்டு. தாழ்ந்த அதிர்வெண்ணில் விறைத்த தகடு குறைவாக வளைவதால் ஒலி குறைகிறது. உயர்ந்த அதிர்வெண்ணிலோ, தகட்டில் ஓடும் வளைவலையும் காற்றில் சாய்ந்து வரும் ஒலியலையும் ஒத்துப்போகும் நிலை ஒன்றுண்டு. அப்போது ஒலி தடையின்றிக் கசியும். விறைப்பு மிகுந்தால், இந்நிலை இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணிலேயே தோன்றிவிடும். எனவே, களிமண்ணை மிகுதியாகச் சேர்ப்பதைவிட, தடுக்க வேண்டிய ஒலியின் அதிர்வெண்ணை முதலில் அளந்தறிந்து, அதற்கேற்ப அதன் அளவை வரையறுப்பதே பொறியாளரின் பணி.